தீயோடு வளர்ந்த தீவு – 7: சம்பளம் இல்லாத படை

நீர்வீழ்ச்சி மலையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வாய்க்கால் கட்டித் தண்ணீர் கொண்டுவந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது, சரி. தீப்பிடித்தால் அதை மொண்டுகொண்டு ஓட ஆள் யார்? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கண்டுபிடிக்கப் பினாங்குக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கிடைத்த பதிலும் இன்றுவரை முழுப் பதில் இல்லை என்பதற்குச் சுங்கை பினாங் கரையோரத்துச் சந்துகளே சாட்சி.

1786இல் பிரான்சிஸ் லைட் கால்வைத்தபின் கடற்கரையோரம் எழுந்த கடைகள் பெரும்பாலும் மரச் சட்டமும் அத்தாப்புக் கூரையுமாகத்தான் இருந்தன. நிப்பா ஓலையை முடைந்து வேய்ந்த கூரை வெயிலுக்குக் குளிர்ச்சி, கைக்கு மலிவு, தீக்கோ தீனி. காற்று கடலிலிருந்து அடித்தால் ஒரு கூரையிலிருந்து எழும் பொறி நாலு வீடு தாண்டிப் போய் உட்காரும். 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள்ளேயே நகரம் பலமுறை பெருந்தீயைக் கண்டுவிட்டது. மிளகும் துணியும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த தெருக்கள் அவை. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்று ஆட்சி வற்புறுத்தத் தொடங்கியது இந்த அடிகளுக்குப் பிறகுதான். இன்று யுனெஸ்கோ முத்திரையோடு சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கடைவீடுகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் பல இடங்களில் கூரையையும் தாண்டி ஒரு முழம் மேலே நிற்கும். பக்கத்து வீட்டு நெருப்பு இந்தக் கூரைக்குத் தாவாமல் தடுக்கும் கரை அது.

தீயை அணைக்க வந்தவர்கள் யார்? கோட்டைச் சிப்பாய்கள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகள், போலீஸ்காரர்கள், அப்புறம் கைதிகள். வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த இந்தியக் கைதிகள்தான் நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளையும் பாலங்களையும் போட்டவர்கள். சிங்கப்பூரில் தீப்பிடித்தபோதும் அவர்களை வரிசையாக நிறுத்தி வாளி கைமாற்ற வைத்தார்கள். காலில் விலங்குத் தழும்போடு ஓடியவனைத் தொண்டன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நம் ஊர்த் தீயணைப்பு வரலாற்றில் தமிழன் கை பட்ட முதல் வாளி அநேகமாக அவன் தூக்கியதாகத்தான் இருக்கும்.

மனம் விரும்பி வந்த படை என்று பார்த்தால் நாம் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். 1881 ஜனவரி 4ஆம் தேதி அந்தச் சிறு ஈயச் சுரங்க ஊர் எரிந்து போனது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வேறு. 1882இல் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டச் சொன்னார். அந்தச் செங்கல்லுக்காகச் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். தீபாவளிக்குப் புடவையும் முறுக்கும் வாங்கப் போகிறோமே, அதே பிரிக்பீல்ட்ஸ். ஒரு தீ விபத்து ஒரு பேட்டையையே பெற்றெடுத்தது.

செங்கல் மட்டும் போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1883 மே 15 அன்று சிலாங்கூர் தொண்டர் தீயணைப்புப் படை முறையாகத் தொடங்கியது. பொதுப்பணித் துறையைச் சேர்ந்த எச். எஃப். பெல்லாமி தலைவர். உறுப்பினர் 15 பேர். பகலில் அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்து, மணியோசை கேட்டால் எழுதுகோலை வைத்துவிட்டு ஓடி வருபவர்கள். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, தள்ளிக்கொண்டு போகும் பம்பு, வாளிகள், ஏணி. இன்று ஆயிரக்கணக்கான ஊழியர்களோடும் ஹெலிகாப்டர்களோடும் இயங்கும் மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை எழுத உட்காரும்போது முதல் வரியில் வைப்பது இந்தப் பதினைந்து பேரைத்தான். அரசுப் படைக்குத் துணையாகத் தொண்டர்கள் வந்தார்கள் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர்மாறு. தொண்டர் படைதான் மூத்தது. அரசுத் துறை அதன் தம்பி.

அவர்களைத் தியாகிகளாக்கவும் வேண்டாம். தன் வீடும் தன் கிட்டங்கியும் எரியும் ஊரில் வாளி தூக்குவது தற்காப்பு. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கூட்டிய தீயணைப்புச் சங்கமும் அப்படித் தொடங்கியதே. ஆனால் தற்காப்பில் தொடங்கியது பழக்கமாகி, பழக்கம் பெருமையாக மாறிவிடும் இடங்களும் உண்டு. 1863 டிசம்பரில் சிலியின் சாந்தியாகோ நகரத் தேவாலயமொன்று எரிந்து 2000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே மாதம் அங்கே தொண்டர் படை உருவானது. இன்றுவரை அந்த நாட்டில் தீயணைப்பாளர் யாருக்கும் சம்பளம் கிடையாது. மருத்துவர், தச்சர், கல்லூரி மாணவர் எல்லாரும் சந்தா கட்டிப் படையில் சேர்கிறார்கள். சம்பளம் வாங்காமல் தீயில் இறங்க, கையிலிருந்து காசும் கொடுக்கிறார்கள் என்று நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

மறுபடி பினாங்குக்கு வருவோம். நகராட்சி ஆணையர்கள் காலத்தில் தீயணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பள வேலையானது. அதன் அடையாளம் 1908இல் பீச் ஸ்திரீட்டும் சூலியா தெருவும் கூடும் முனையில் எழுந்த மத்தியத் தீயணைப்பு நிலையம். மேலே கூண்டு வைத்த கோபுரத்தோடு, பாதி மொகலாய மாளிகை போலவும் பாதி ஆங்கிலேயர் அலுவலகம் போலவும் நிற்கும் கட்டடம். வழியே போகிறவர்கள் அதை அழகுக்கு வைத்த கோபுரம் என்று நினைப்பார்கள். அந்தக் காலத்துத் தீயணைப்பு நிலையங்களில் கோபுரத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, புகை எங்கே என்று பார்ப்பது. இரண்டாவது, நனைந்த கித்தான் குழாய்களை உச்சியிலிருந்து தொங்கவிட்டுக் காயவைப்பது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்து, அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது நடுவில் கிழிந்துவிடும்.

அப்படி ஒரு நிலையம் வந்ததும் ஊர்க்காரர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வரி கட்டுகிறோம், அவர்கள் வந்து அணைக்கட்டும் என்பது நியாயமான எண்ணம். முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த எண்ணம் செல்லுபடியானது.

1941 டிசம்பர் 11. மூன்று நாள் முன்புதான் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியிருந்தார்கள். அன்று காலை ஜார்ஜ் டவுன் வானத்தில் விமானங்கள் அணிவகுத்து வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லை. கடற்கரைக்கும் தெருவுக்கும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நம்முடைய விமானங்கள் என்றே பலர் எண்ணினார்கள். எதிர்த்துப் பறக்க ஒன்றுகூட இல்லை. குண்டுகள் விழுந்தன, விமானங்கள் தாழப் பறந்து தெருக்களைச் சுட்டுத் தள்ளின. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். தீயணைப்பு நிலையமும் அடிபட்டது. ஒரு நகரம் எரியும்போது அதன் தீயணைப்புப் படை முதல் மணி நேரத்திலேயே முடங்கிப் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. கடைவீடுகள் நாள்கணக்கில் எரிந்தன. பிணங்கள் தெருவில் கிடந்தன. லோரி ஓட்டுபவர்கள், துப்புரவுத் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள் என்று ஊரே ஆயர் ஈத்தாம், பாலிக் பூலாவ் பக்கம் ஓடிவிட்டது.

அடுத்த சில நாளில் இன்னொரு அடி. ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகப் படகேற்றிக் கொண்டுபோனார்கள். ஆசியர்கள் கரையில் விடப்பட்டார்கள். அந்தக் காயம் பல குடும்பங்களில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

அப்போது நகரைக் கையில் எடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பினாங்குச் சேவைக் குழு என்ற பெயரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் பிரதிநிதிகள் கூடினார்கள். தலைவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் அவர். வானொலி நிலையத்துக்குப் போய், பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனி குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியர் காதில் விழும்படி அறிவித்ததும் அவரே. பத்திரிகைக்காரர் ஒருவர் செய்த இந்த இரண்டு காரியமும் எத்தனை கூரைகளைக் காப்பாற்றின என்று எந்தப் பம்பாலும் கணக்குச் சொல்ல முடியாது. டிசம்பர் 19இல் ஜப்பானியர் தீவில் கால்வைக்கும்வரை கொள்ளையைத் தடுப்பது, அரிசி பங்கிடுவது, காயம்பட்டவர்களைக் கவனிப்பது எல்லாம் கூலி எதிர்பாராத ஆட்கள் செய்ததுதான். ஜப்பானியர் சரவணமுத்துவைச் சிறையில் தள்ளிக் கைம்மாறு செய்தார்கள். போருக்குப் பின் அவர் எழுதிய நினைவுநூல் ‘தி சாரா சாகா’. தமிழில் வந்திருக்க வேண்டிய புத்தகம்.

தொண்டர் வரலாறு எழுதுபவர்கள் இந்த நாள்களைத் தீயணைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். சம்பளப் படை நொறுங்கும் நாளில் அதன் இடத்தில் யார் நிற்பார்கள் என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இந்தத் தீவில் இல்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன சுங்கை பினாங் ஆற்றங்கரைக்குப் போவோம். பாலிக் பூலாவ் பக்கம் வயலும் அலையாத்தியுமாக இன்னொரு சுங்கை பினாங் உண்டு. நாம் பேசுவது நகரத்துச் சுங்கை பினாங். நீர்வீழ்ச்சியிலிருந்து வரும் ஆயர் தெர்ஜுன் ஆறும் மலையடியிலிருந்து வரும் ஆயர் ஈத்தாம் ஆறும் கலந்து, டத்தோ கெராமட், ஜெலுத்தோங் ஓரமாகப் போய்க் கடலில் விழும் ஆறு. 1904இல் நகராட்சியின் மின்சார நிலையம் இதன் கரையில்தான் வந்தது. ஈயம் உருக்கும் ஆலை டத்தோ கெராமட்டில். ஆலை இருந்தால் ஆள் வருவான், ஆள் வந்தால் வீடு வேண்டும். கம்போங் ராவா, கம்போங் டோடோல் என்று பலகை வீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. தகரக் கூரை, பலகைச் சுவர், மண்ணெண்ணெய் அடுப்பு, சாமி மாடத்தில் விளக்கு, பக்கத்துச் சீனர் வீட்டு வாசலில் ஊதுவத்தி.

இத்தகைய குடியிருப்பு தீப்பிடித்தால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சிங்கப்பூர் காட்டியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ ஸ்வீயில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 பேரை ஒரே மாலையில் வீடற்றவர்களாக்கியது. இறந்தவர் நால்வர் மட்டுமே என்பதுதான் வியப்பு. அந்தக் கம்பங்களில் வாலிபர்கள் 1950களிலேயே தொண்டர் குழு கட்டி, இரவு முறைவைத்துச் சுற்றி வந்தார்கள். அன்று அவர்களால் தீயை நிறுத்த முடியவில்லை. கதவைத் தட்டிக் கிழவிகளையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுவர முடிந்தது. தொண்டர் படையின் வெற்றியை அணைந்த தீயை வைத்து அளப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மலேசியாவில் 1976இல் தீயணைப்புச் சேவை மத்திய அரசின் கைக்குப் போனது. 1981இல் பினாங்கு உள்ளிட்ட நகராண்மைக் கழகங்களின் படைகளும் அதில் சேர்ந்தன. 1988இல் தனிச் சட்டம் (சட்டம் 341) வந்தது. 1997இல் பெயரில் ‘மீட்பு’ம் சேர்ந்துகொண்டது. தேதிகள் இவ்வளவு போதும். நிர்வாகம் கோலாலம்பூருக்குப் போகப் போக, உள்ளூரில் ஓர் இடைவெளி விழுந்தது. அதை நிரப்பத்தான் பசுகான் போம்பா சுகாரெலா, நம்மவர் வாயில் ‘சுகாரெலா பொம்பா’, ஊருக்கு ஊர் முளைத்தது. புதுக்கிராமங்கள், மீனவர் கம்பங்கள், அடுக்குமாடி வட்டாரங்கள் என்று நிலையம் தூரமாக இருக்கும் இடங்களிலெல்லாம் வட்டாரத்தார் கூடிப் படை அமைத்தார்கள். பயிற்சி கொடுப்பதும் பதிவு செய்வதும் துறை. சம்பவ இடத்தில் துறை அதிகாரி வந்துவிட்டால் தலைமை அவர் கையில். தொண்டர்கள் அவர் சொல்கேட்டு நடப்பார்கள்.

அப்படியென்றால் தொண்டர் எதற்கு? நிமிடங்களுக்காக. பலகை வீட்டில் ஒரு மெத்தை பற்றினால் அறை முழுவதும் ஒரே மூச்சில் எரியும் நிலைக்கு வர ஐந்தாறு நிமிடம் போதும். நிலையத்து வண்டி மாலை நேர நெரிசலில் டத்தோ கெராமட் சாலையைக் கடந்தாக வேண்டும். தொண்டர் அந்தத் தெருவிலேயே இருக்கிறார். கடையை அப்படியே விட்டுவிட்டு, கைலிக்கு மேல் தீக்காப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வண்டி சந்துக்குள் நுழையாது. சந்து முனையில் நிறுத்திக் குழாயை இழுக்க வேண்டும். ஒரு சுருள் விரிந்தால் 30 மீட்டர். பெரிய குழாயில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்த ஒரு சுருளுக்குள் மட்டும் ஏறக்குறைய 100 கிலோ எடை. அதனால் காலிக் குழாயாகவே வளைவுகளையெல்லாம் தாண்டி உள்ளே கொண்டுபோய்விட்டு, அப்புறம்தான் ‘தண்ணி விடு’ என்று குரல் கொடுப்பார்கள். அவசரப்பட்டு முன்பே திறந்துவிட்டால் குழாய் மரக்கட்டை மாதிரி விறைத்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். எந்த வீட்டுக்காரர் எந்த வேலியைப் பிடுங்கவிடுவார், எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வீட்டில் நடக்கமுடியாத தாத்தா படுத்திருக்கிறார் என்பதெல்லாம் வெளியூர் வண்டிக்குத் தெரியாது. உள்ளூர்ப் பையனுக்கு மனப்பாடம்.

தெருக்குழாயில் அழுத்தம் குறைந்தால் ஆறு இருக்கிறதே என்பார்கள். சொல்வது எளிது. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உறிகுழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 10 மீட்டர் ஏற வேண்டும். நடைமுறையில் ஏழு தாண்டினாலே பம்பு திணறும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மிஞ்சுவது சேறும் பிளாஸ்டிக் பையும். உறிகுழாயின் வாயிலுள்ள சல்லடை அடைத்துக்கொண்டால் பம்பு வெறும் காற்றை மெல்லும். சல்லடையை ஒரு கூடைக்குள் வைத்துக் கயிற்றில் கட்டி, அடிச்சேற்றில் படாமல், மேல்மட்டத்திலும் மிதக்காமல் நடுவில் நிறுத்துவது ஒரு கைப்பழக்கம். நெருப்பு முன்னால் குழாய் பிடிப்பவரைத்தான் எல்லாரும் படமெடுப்பார்கள். கரையில் குனிந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் கை தவறினால் அந்தப் படமே கிடையாது.

பணம்? துறையிலிருந்து சிறு உதவித்தொகை வருவதுண்டு, மீதியெல்லாம் நன்கொடை. கோயில் திருவிழாவில் உண்டியல், கடைக்காரர் தரும் டீசல், ஆண்டு விருந்தில் மேசைக்கு இவ்வளவு என்று வசூல். பல படைகளின் வண்டி ஜப்பானில் ஓடி ஓய்வு பெற்றுக் கப்பலேறி வந்தது. கதவில் ஜப்பானிய எழுத்து அழியாமல் இருக்கும். சீனக் கிராமங்களிலும் சங்கங்களிலும் வேரூன்றியதால் படைகளில் சீன இளைஞர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூடித் தண்ணீர்ப்பந்தல் போட நமக்குத் தெரியும். வெள்ளி ரதம் மெகசின் சாலை தாண்டி டத்தோ கெராமட் வழியாக நீர்வீழ்ச்சி மலைக்குப் போகும் இரவில் எத்தனை கற்பூரம் எரிகிறது என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் பந்தல் பையன்களில் ஊருக்குப் பத்துப் பேராவது இந்தப் படையில் இருக்க வேண்டாமா என்று தோன்றும்.

வரும் அழைப்பெல்லாம் தீயா என்றால் இல்லை. சமையலறையில் மலைப்பாம்பு, மாமரத்தில் தேன்கூடு, மழையில் சாய்ந்த மரம், கிணற்றில் விழுந்த ஆடு, மாட்டிக்கொண்ட மோதிரத்தை வெட்டி எடுப்பது. சில படைகளிடம் ஆம்புலன்சும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இரவில் கேட்டது 2017 நவம்பர் 4. பேய்மழையில் தீவே நனைந்து, சுங்கை பினாங் கரை மறைந்து, வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். விடியுமுன்னே முதலமைச்சர் ராணுவ உதவி கேட்க வேண்டிய நிலை. பம்போடு வந்து பழகியவர்கள் அன்று படகோடு வந்தார்கள். படகு போதாத இடத்தில் மிதக்கும் எதுவும் படகுதான்.

2022 ஜூனில் ஆற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஜெலுத்தோங் குப்பைமேடு பற்றியது இன்னொரு வகைப் பாடம். குப்பைமேட்டுத் தீ மேலே எரிவதில்லை, அடியில் கனலும். பீய்ச்சியடித்தால் மேல்தோல்தான் நனையும். எந்திரம் விட்டுக் கிளறி, நனைத்து, மண் போட்டு மூட வேண்டும். நாள்கணக்கில் வட்டாரமே புகையில் மூழ்கியது.

ஆற்றை அகலப்படுத்தும் திட்டம் வந்தபின் கரையோரப் பலகை வீடுகள் பலவும் போய், மக்கள் அடுக்குமாடிகளுக்கு ஏறிவிட்டார்கள். தீயும் கூடவே மாடி ஏறிவிட்டது. இப்போது கூரை எரிவதில்லை. சார்ஜ் போட்டு மறந்த பேட்டரி எரிகிறது. திருடனுக்குப் பயந்து வாசலுக்கும் ஜன்னலுக்கும் இரும்புக் கம்பிக்கதவு, அதற்குப் பூட்டு, பூட்டின் சாவி எங்கோ ஒரு கைப்பையில். தொண்டர்கள் இப்போது ஏணியோடு இரும்பு வெட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள். குடியிருப்பாளர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் எடுப்பது தீயணைப்பான் பற்றிய பேச்சை அல்ல. கம்பிக்கதவுச் சாவியை உள்பக்கம், கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டச் சொல்கிறார்கள். வீட்டுக் குழந்தைக்கும் அந்த ஆணி எட்ட வேண்டும் என்பதில்தான் கூட்டத்தில் வாக்குவாதம் தொடங்கும்.

(தொடரும்)